இரண்டாவது அளவை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்றவர்களைப் பற்றி நான் கேட்காததைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. போன் இருக்கும்போது எதற்கு இந்தக் காகிதப் போக்குவரத்து என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் உன் வீட்டுக்காரர் “யாரு, நிரந்தர நோயாளியா?” என்று குரல் கொடுப்பார். எழுதினால் ஆரம்பித்த வாக்கியத்தையாவது முடிக்கலாம்.

புது ஊர் மோசமில்லை. அறை மாடியில். படிக்கட்டு குறுகல், கைப்பிடி பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது, கட்டியவனுக்கு அலுத்துவிட்டது போல. அலுவலகத்தில் ஜன்னலோர மேசை. காட்டிலும் மேட்டிலும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயுளில் பாதியை அலைந்து தீர்த்த நில அளவையாளனுக்கு, இனி மற்றவர்கள் அளந்து வந்ததைச் சரிபார்க்கிற உத்தியோகம். பதவி உயர்வு என்று சொல்லிக் கொடுத்தார்கள். நொண்டிக் குதிரையை லாயத்தில் கட்டுவதற்கும் இப்படி ஒரு பெயர் வைக்கலாம்.

இடது முழங்கால் மறுபடி வீங்கிவிட்டது. அடுத்த வாரம் இங்குள்ள மூட்டு டாக்டரிடம் போகிறேன். போவதற்கு முன் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். லைம் நோயைப் பற்றி அங்கே வாய் திறக்கப் போவதில்லை.

உண்ணி கடித்ததும், தொடையில் வட்டமாகச் சிவந்ததும், காய்ச்சலில் கிடந்ததும், அந்த ஊர் வழுக்கை டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லி மாத்திரை கொடுத்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் வலியும் அசதியும் விடாமல் நான் ஏறி இறங்கிய வாசல்களும் தெரியும். லைம் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் டாக்டர்களின் முகத்தில் ஒன்று நடக்கும். பேனா நிற்கும். கண் என் கோப்பின் தடிமனுக்குப் போகும். அதன் பிறகு அவர்கள் முழங்காலைப் பார்ப்பதில்லை. “தூக்கம் எப்படி? வீட்ல தனியாவா இருக்கீங்க?” என்று மனசைத் தோண்ட ஆரம்பிப்பார்கள். தனியாக இருப்பவனுக்கு முழங்கால் வீங்கக் கூடாது என்று சட்டமா?

கோப்பைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். இந்த ஊரில் நான் இன்று பிறந்த குழந்தை.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 21

முசுடுத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். “நாங்கள்” என்று வேண்டுமென்றே எழுதியிருக்கிறேன், முகத்தைச் சுளிக்காமல் படி.

உனக்கு மூளை முழங்காலில் இருக்கிறதா? அதுவும் வீங்கிவிட்டதா? டாக்டரிடம் போவாயாம், வியாதியைச் சொல்ல மாட்டாயாம். என் கண்ணாடிக் கடைக்கு யார் வந்து “கண்ணு மங்கலா இருக்குங்க” என்றாலும், “போட்டிருக்கிறதைக் கழட்டிக் குடுங்க” என்பதுதான் என் முதல் வார்த்தை. பழைய கண்ணாடியின் பவரைப் பார்க்காமல் புதிதை எடுக்க மாட்டேன். பழையதைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு “நீங்களே கண்டுபிடிங்க பாப்போம்” என்று ஒருவர் உட்கார்ந்தால், நான் என்ன ஜோசியக்காரியா?

டாக்டர்கள் முகம் மாறுகிறதாம். மாறட்டுமே. அந்த முகத்தை வைத்து நீ என்ன படமா வரையப் போகிறாய்?

இங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கடையில் ஒரு கிழவர் வந்து, மனைவியின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதுலதான் எல்லாம் அழகா தெரியுது” என்று வாங்கிப் போனார். அத்தான் கிளினிக்குக்கு ஒரு பிரிண்டர் வாங்கியிருக்கிறார். மருந்துச் சீட்டெல்லாம் இனி அச்சில்தான். அவர் கையெழுத்தோடு மல்லுக்கட்டிய மருந்துக் கடைக்காரர் நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

குளிர் இருந்தால் முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள். டாக்டரிடம் சொல்லிவிடு. சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுது.

உன்
அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, திட்டுகளும் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தன. சொல்லவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். முகப்பில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“இதுக்கு முன்னாடி பெரிய வியாதி ஏதாவது, சார்?”

“இல்ல.”

“ஆபரேஷன்?”

“இல்ல.”

“கொடுத்து வெச்சவர் சார் நீங்க.”

டாக்டரம்மா என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நல்ல கை. முழங்கால் சில்லை ஒரு விரலால் அழுத்தி விட்டார். அது தண்ணீரில் மிதக்கிற மூடி மாதிரி அமுங்கி எழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டாக்டர் என் உடம்பை இப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று தெரியுமா?

“அடிபட்டுச்சா?”

“இல்லீங்க.”

“என்ன வேலை பாக்குறீங்க?”

“ஆபீஸ் வேலை. மேசைதான்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

பொய்தான். காட்டுப் புல்லைச் சொன்னால் உண்ணி வரும், உண்ணியைச் சொன்னால் அந்தப் பெயர் வரும். வேரோடு பிடுங்கிவிட்டேன்.

நீ கண்ணாடிக் கடை வழக்கத்தைச் சொன்னாய். என் தொழில் வழக்கத்தையும் கேள். ஒரே நிலத்தை இரண்டு பேர் அளந்தால், முதலாமவனின் எண்களை இரண்டாமவனுக்குக் காட்டக் கூடாது. காட்டினால் கை தன்னையறியாமல் அந்த எண் பக்கமே சாயும்; அல்லது, ஆள் திமிர் பிடித்தவனாக இருந்தால், வேண்டுமென்றே விலகும். தெரியாமல் அளந்து இரண்டும் ஒத்துப்போனால்தான் அது அளவை. எத்தனை தகராறுகளை நான் அப்படித் தீர்த்திருக்கிறேன். இந்த டாக்டரம்மா எதுவும் தெரியாமல் என்னை அளக்கட்டும். அவரே அந்தப் பெயருக்கு வந்து சேரட்டும். வந்தால், உன் வீட்டுக்காரர் முன்னால் நான் பேச வேண்டிய அவசியமே இருக்காது. காகிதம் பேசும்.

உன் மகள் கல்யாணப் பந்தியில் அவர் சொன்னது உனக்கு மறந்திருக்கும். “இவனுக்கு உடம்புல ஒண்ணுமில்லப்பா. பத்துப் பேர் அய்யோ பாவம்னு சொல்லணும், அதுதான் வியாதி.” ஒரு டாக்டர் சொன்னால் ஊரே நம்பும். பரிமாறிக்கொண்டிருந்தவன்கூட சிரித்தான். நான் பாதியில் எழுந்ததை, கை கழுவப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

கம்பளி சுற்றியிருக்கிறேன். சுகமே.

தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் கணக்கு முடிக்கிற சமயம், அப்புறம் வீட்டில் இது அது. நான் சுகம்தான்.

பந்தியில் நீ எழுந்தது எனக்கு மறக்கவில்லை. கை கழுவத்தான் போகிறாய் என்றும் நான் நினைக்கவில்லை. பின்னால் வந்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். சண்டைக்கு இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். வழுக்கை டாக்டரிடம் முதல் முறை போனாயே, அப்போது எப்படிச் சொன்னாய்? என்ன சொல்லி ஆரம்பித்தாய்? நீயாகப் போனாயா, யாராவது இழுத்துக்கொண்டு போனார்களா? அவர் அந்தப் பெயரைச் சொன்னதும் பயம் அதிகமானதா, குறைந்ததா? ஒரு மனிதன் தனக்கு இருப்பதை வாய்விட்டுச் சொல்ல எது உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவன், உனக்கு இதைப் பற்றி யோசிக்க நிறைய நேரமும் இருந்திருக்கிறது.

சொல்லாமல் இருக்கிறவர்களுக்கு ஒரு கஷ்டம்தான். பக்கத்தில் இருந்து, தெரிந்தும் தெரியாத மாதிரி தட்டை எடுத்து வைத்து, தட்டைக் கழுவி வைக்கிறவர்களுக்கு வேறு மாதிரி. உன்னை நினைத்துத்தான் சொல்கிறேன்.

கிளினிக்கில் இப்போது ஊசி போடுவதெல்லாம் நர்ஸ்தான். அத்தான் பார்த்து, விசாரித்து அனுப்புவதோடு சரி. வயதாகிறது என்கிறார். எனக்கும்தானே ஆகிறது, நான் லென்ஸை இன்னும் என் கையால்தான் பொருத்துகிறேன்.

சொன்னாயா?

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

நலமா? உன் கடிதம் உன் கடிதம் மாதிரியே இல்லை. திட்டு ஒன்றுகூட இல்லாததால் இரண்டு தடவை படித்தேன். உடம்புக்கு ஏதாவதா? கடைக்கு ஒருநாள் லீவு விட்டால் ஊர் குருடாகிவிடாது.

நீ கேட்டதற்குப் பதில். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. இழுக்க வீட்டில் யார் இருந்தார்கள்? கருவியின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரே பிடித்திருந்த கம்பு இரண்டாகத் தெரிந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வழுக்கை டாக்டரிடம் எதையும் சொல்லி ஆரம்பிக்கவில்லை. கால்சட்டையை இறக்கித் தொடையைக் காட்டினேன். பெயரைக் கேட்டதும் பயம் குறைந்தது. பெயர் இருக்கிற நாயைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் இல்லையா, அந்த மாதிரி. பயம் பிறகுதான் வந்தது, அந்தப் பெயரை மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தபோது.

இங்கே விஷயம் முன்னேறியிருக்கிறது, எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை. டாக்டரம்மா முழங்காலிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்தார். மங்கலாக, வைக்கோல் நிறத்தில். பரிசோதனையில் வழக்கமான கிருமி எதுவும் வளரவில்லையாம். யூரிக் அமிலம் இல்லை. ரத்தத்தில் அழற்சி இருக்கிறது. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்கிற வகை மூட்டுவாதமாக இருக்கலாம் என்கிறார். எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடும் ஊசி ஒன்று இருக்கிறதாம். ஏப்ரலில் தொடங்கலாம் என்றார்.

நான் கேட்டேன், “வேற எதுவும் டெஸ்ட் இல்லீங்களா? ஏதாவது அபூர்வமா?”

“அபூர்வமா எதைத் தேடச் சொல்றீங்க?” என்று சிரித்தார். “நீங்க மேசை வேலைக்காரர். எதைத் தேடணும்னாலும் ஒரு காரணம் வேணும் இல்ல?”

பெயர் நாக்கின் நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு சந்திப்பு இருக்கிறது. அவர் புத்திசாலி. வந்துவிடுவார்.

சரியாகத் தூக்கம் வரவில்லை. அறையில் நடந்தால் கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டுகிறார். நொண்டி நடை அவருக்கு இரண்டு ஆள் நடப்பது போலக் கேட்கிறதாம்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. அந்த ஊசி போட்டுக்கொள்ளாதே.

அத்தானிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, வேறு யாரிடம் கேட்பேன்? இனி வருவது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

“மூட்டுக்குள்ள பழைய கிருமி இருக்க வாய்ப்பு இருந்தா, அதைப் பாக்காம எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடுறது தப்பு. வீட்டைக் காவல் காக்கிறவனைக் கட்டிப்போட்டுட்டுத் திருடனைத் தேடுற மாதிரி. அந்தம்மா மேல குத்தம் இல்ல, அவங்களுக்குத் தெரியாது. லைம் இருந்தது, என்ன மாத்திரை, எவ்வளவு நாள் சாப்பிட்டான், அதுக்கப்புறமும் காட்டுல வேலை பாத்தானா, எல்லாத்தையும் சொல்லணும். நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். சொன்னா வேணும்னே போட்டுக்குவான்.”

கடைசியில் சொன்னது எனக்காம், அதையும் எழுதிவிட்டேன்.

முழங்கால் போனால் அப்புறம் யாரை ஜெயித்து என்ன பண்ணுவாய்? உடனே பதில் போடு.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

பதில் கேட்டாயே, இதோ.

“இருக்க வாய்ப்பு இருந்தா.” ஆகா. பந்தியில் என் உடம்பில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பு எழுதியவருக்கு இப்போது வாய்ப்பு தெரிகிறது. அன்றைக்கு நான் நடிகன், இன்றைக்குக் கிருமி. நடுவில் என்ன படித்தார்? நான் கெஞ்சியபோது ஒருநாள், ஒரே ஒருநாள், என் முழங்காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறாரா? தொட்டிருந்தால் அந்த டாக்டரம்மா விரலுக்கு நான் இவ்வளவு ஏங்கியிருக்க மாட்டேன்.

அதுவும் அவர் சொல்ல நீ எழுதினாயாம். ஏன், துரைக்குக் கை இல்லையா? மைத்துனனுக்கு நாலு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? நர்ஸுக்கு ஊசி, பிரிண்டருக்குச் சீட்டு, மனைவிக்குக் கடிதம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு அவர் என்னதான் செய்கிறார்?

அவர் சொன்னார் என்பதற்காகவே நான் சொல்லப் போவதில்லை. அவருடைய கடைசி வரி சரி, என்னை நன்றாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்.

கொஞ்ச காலம் எழுதாதே. நானும் எழுதவில்லை.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றால் இப்படியா எழுதாமல் இருப்பாய்? முன்பு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையாவது கேட்டாயா? கீழே தபால் பெட்டியை நான் திறந்து மூடுவதைப் பார்த்து, “பொண்ணு ஏதாவது பாத்திருக்கீங்களா சார்?” என்கிறார் கீழ் வீட்டுக்காரர். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எப்படி என்று கேட்பாய். ஒரு மரக்கடைக்காரரால். அவருடைய கடைக்குப் பின்னால் இருக்கும் நிலத்தை எங்கள் ஆள் ஒருமுறை அளந்தான். நம்பிக்கை இல்லாமல் வேறோர் ஆளை வைத்தும் அளந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறை பாதி தன்னுடையது என்று காகிதத்தோடு வந்து நின்றார். இரண்டு வரைபடங்களையும் மேசையில் விரித்துப் பார்த்தேன். இரண்டாவது ஆளின் அளவில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் அவன் தொடங்கிய மூலைக்கல்லே தப்பு.

“அவருக்கு ஆரம்பக் கல்லை நீங்க காட்டலையா?”

“வேணும்னேதான் சார் காட்டல. காட்டிட்டா அவரும் அதையேதான் சொல்லுவாரு. அவரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன்.” முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம். “யோவ், மறைக்க வேண்டியது அளவை! கல்லை மறைச்சா அவன் எந்த ஊரை அளப்பான்? அவனை அலையவிட்டு உனக்கு என்னய்யா லாபம்?” என்று அலுவலகமே எழுந்து நிற்கும்படி கத்தினேன். மரக்கடைக்காரர் பயந்துபோய், “லாபம்னு இல்ல சார். நான் சொன்னா யாரும் நம்புறதில்ல, அதான்” என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவர் போகிறபோது என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார், நிலத்தைப் பறிகொடுத்தவன் நான் என்பது போல.

மறுநாள் ஊசி. டாக்டரம்மா மருந்தை எடுத்து வைத்துவிட்டுக் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார்.

“ஒரு விஷயம் சொல்லணும்” என்றேன். “நான் மேசை வேலைக்காரன் இல்ல. போன வருஷம் வரைக்கும் காட்டுலதான். உண்ணி கடிச்சிருக்கு. லைம் நோய்னு சொல்லி மாத்திரை சாப்பிட்டிருக்கேன்.”

அவர் பேனா நின்றது. அக்கா, நான் பயந்த அதே முகம். ஒரு இம்மிகூடக் குறையவில்லை. கண் என் கையில் கோப்பு இருக்கிறதா என்று தேடியது. நான் சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்களே கண்டுபிடிக்கணும்னு...”

“நானேவா?” கோபம்தான் அது, கேலி இல்லை. “கண்டுபிடிச்சாலும் எதுவும் நிரூபணமாகாதுங்க. ஒரு தடவை வந்துட்டா ரத்தப் பரிசோதனை வருஷக்கணக்கா ‘இருக்கு’ன்னுதான் காட்டும். பழசா, புதுசா, ஆறிப்போனதான்னு அது சொல்லாது. எப்ப கடிச்சது, என்ன சாப்பிட்டீங்க, அதுக்கப்புறம் மறுபடி புல்லுல திரிஞ்சீங்களா, இதெல்லாம் உங்க வாயாலதான் வரணும். எனக்கு வேற வழி கிடையாது.”

நீட்டிய காகிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு, “தூக்கம் எப்படி?” என்று கேட்டார்.

எரிந்தது. ஆனால் கேட்டுக்கொண்டே ஊசி மருந்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டார். மறுபடி நீர் எடுத்து, வேறு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். நான் நம்பப்பட்டேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி போடவில்லை, அது மட்டும் தெரியும்.

உன் மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியாவது எழுது.

தம்பி


மே 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் படித்து முழங்காலுக்காக அழுதேன் என்று வைத்துக்கொள். நான் சுகம். அவர் சுகமில்லை.

உன் கடிதங்களை எல்லாம் நான் அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். உனக்குச் சொன்னதில்லை. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே வாசிப்பேன், நீ திட்டுகிற இடம் வந்தால் “மறுபடி படி, நல்லா எழுதுறான்” என்பார். மார்ச் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் தாண்டிப் போகப் பார்த்தேன். குரலிலேயே பிடித்துவிட்டார். “ஒளிக்காதே, படி.” படித்தேன். துரைக்குக் கை இல்லையா. சிரித்தார். “கேள்வி சரியாத்தானே இருக்கு” என்றார். அப்புறம் எழுந்துபோய்த் தோட்டத்துப் பக்கம் நின்றுகொண்டார். உனக்கு எழுத அதற்குப் பிறகு எனக்குக் கை வரவில்லை. உன்மேல் கோபமா, அவர்மேலா என்று எனக்கே புரியவில்லை.

வலது கை, தம்பி. மடியில் சும்மா இருக்கும்போது அதுவாக ஆடுகிறது. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போனது, அதனால்தான் பிரிண்டர். சட்டைப் பொத்தானை நான்தான் போடுகிறேன். அது என்ன வியாதி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கையைப் பார்த்த டாக்டர் இதுவரை அவரே ஒருவர்தான். மகளுக்குத் தெரியாது. கிளினிக்கில் நர்ஸுக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருக்கிறாள், நல்ல பெண்.

பிப்ரவரியில் கெஞ்சிக் கூத்தாடி வெளியூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் இவரை யாரென்றே அறியாதவர். உள்ளே போய் உட்கார்ந்தோம். “சொல்லுங்க, என்ன பிரச்சினை?” என்றார் அந்த டாக்டர். இவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, “தலைவலி” என்றார். தலைவலி மாத்திரையோடு திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னார்: “வியாதின்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் எங்கிட்ட யாரு குழந்தையைத் தூக்கிட்டு வருவா?”

அந்த வாரம்தான் உனக்கு எழுதி, எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

உன்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. உனக்கு அவர்மேல் இருப்பது நியாயமான கோபம். அதைக் குறைத்துக்கொள் என்று கேட்க எனக்கு வாயில்லை. சும்மா சொல்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அக்கா


மே 12

அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கவில்லை; தெரிந்துகொண்டே கேட்பது மரியாதை ஆகாது. அக்கா எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதீர்கள். இந்தக் கடிதத்தை அவளை வாசிக்கச் சொல்லாமல் நீங்களே படியுங்கள்.

முதலில் என் பக்கத்து விவரம். முழங்கால் நீரில் அந்தக் கிருமியின் தடயம் இருந்தது. மாத்திரை ஓடுகிறது. வீக்கம் வடிந்து, சில்லு இப்போது எலும்பின் மேல் உட்காருகிறது. ஆனால் வெற்றி விழா வேண்டாம். பழைய கடியில் மிஞ்சியதா, பிறகு வேறோர் உண்ணி கடித்ததா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. என் பழைய அசதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாமாம். ஆக, பந்தியில் நீங்கள் சொன்னது முழுப் பொய் என்று காட்டுவதற்கு என்னிடம் இன்னும் காகிதம் இல்லை. உங்களைத் தோற்கடிக்க இந்த முழங்காலை நம்பிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் உங்களை மன்னித்துவிட்டதாகச் சொல்ல வேண்டும் என்று அக்கா ஆசைப்படுவாள். இல்லை. அன்று சிரித்தவர்கள் யார் யார், எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். “துரைக்குக் கை இல்லையா” என்று நான் எழுதியதை நீங்களும் மன்னிக்க வேண்டாம். அது தெரியாமல் எழுதியது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கோபத்தில் எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்களைவிட எனக்கு அனுபவம் அதிகம். நீங்கள் சொன்னதும் டாக்டரின் பேனா நிற்கும். அந்த நேரம் ரொம்ப நீளமாக இருக்கும். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து நீங்கள் எத்தனையோ முறை பேனாவை நிறுத்தியிருப்பீர்கள். அங்கிருந்து அதன் நீளம் தெரியாது. அவர் முகம் மாறும். மாறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவரில் ஏதாவது படம் தொங்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேசி ஆரம்பிக்க வேண்டாம். கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். அதற்குப் பிறகு முகம் மெல்லத் திரும்பி வந்து வேலையைப் பார்க்கும். முழுதாகத் திரும்பாது. வேலைக்கு அது போதும்.

குழந்தையை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று கேட்டீர்களாம். எனக்குத் தெரியாது. கொஞ்சம் பேர் வராமல் போவார்கள். ஆறுதலுக்காகப் பொய் சொல்வதற்கு நீங்கள் என் நண்பர் இல்லை.

வருகிற சனிக்கிழமை அதே நரம்பு டாக்டரிடம் உங்கள் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். முகப்பில் இருந்தவர் “நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார். மைத்துனன் என்றேன். வெள்ளிக்கிழமை மாலை வந்துவிடுவேன். அக்காவிடம் சொல்லி முன்னறையில் படுக்கை போட்டு வைக்கச் சொல்லுங்கள், மாடி வேண்டாம். உங்கள் வாசற்படியை மிதித்து நாளாயிற்று. படி எத்தனை உயரம் என்பது மறந்துவிட்டது, கொஞ்சம் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை உங்களோடு நானும் உள்ளே வருவேன். வெளியே உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். நீங்கள் மறுபடி தலைவலி என்று சொன்னால், பக்கத்திலிருந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “பொய்” என்பேன். இத்தனை வருடம் உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட சொல்தான் அது. அதை உங்களுக்கு எதிராக ஒருமுறை சொல்லிப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

சொல்ல வைக்காதீர்கள், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்